கடல் இல்லாத திருச்சியும் திமிங்கிலங்களின் பாட்டும்

திருச்சியில் உட்கார்ந்துகொண்டு திமிங்கிலத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் ஊரில் கடல் இல்லை. ஆனால் முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைத் தீவாகச் சூழ்ந்து ஓடும் தண்ணீர் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. காவிரி பூம்புகாரிலும், கொள்ளிடம் பழையாறு அருகிலும் வங்கக் கடலில் கலக்கின்றன. வெள்ளிக்கிழமை நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் வஞ்சிரமும் சங்கராவும் அந்தக் கடலில் இருந்தே வருகின்றன. கடலில் என்ன நடக்கிறது என்பது கரையோர மக்களின் கவலை மட்டும்தான் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆழ்கடல் ஹைட்ரோகார்பன் தேடலுக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஏலத்தில் மன்னார் வளைகுடாப் பகுதியும் இடம்பெற்றது. அதைக் கைவிடக் கோரி முதல்வர் மு.க.ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மீனவர் அமைப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்தன. இந்த விவாதத்தில் எண்ணெய்க் கசிவு, பவளப்பாறை, மீன்வளம் எல்லாம் பேசப்பட்டன. ஒன்று மட்டும் அதிகம் பேசப்படவில்லை. அது சத்தம்.

கண்ணால் அல்ல, காதால்

கடலுக்குள் சூரிய ஒளி ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே பயன்படும் அளவுக்கு எட்டுவதில்லை. ஒலியோ தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் அதிகம். எனவே துணையைத் தேடுவது, குட்டியை அழைப்பது, இரை தேடுவது எல்லாவற்றுக்கும் திமிங்கிலங்கள் ஒலியையே நம்பியிருக்கின்றன. நீலத் திமிங்கிலத்தின் குரலில் பெரும்பகுதி மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்டது. அதில் ஒரு பகுதி மனிதக் காதுக்கு எட்டவே எட்டாது. ஆனால் அது கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும்.

இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இன்றைய ஆய்வுகள் நடக்கின்றன. ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கியைக் கடலடியில் இறக்கி, மாதக்கணக்கில் பதிவு செய்யவிட்டு, பிறகு எடுத்துக் கணினியில் ஆராய்கிறார்கள். ஒவ்வொரு நீலத் திமிங்கிலக் கூட்டத்துக்கும் தனிப் பாட்டு உண்டு. திருநெல்வேலிக்காரர் பேச்சையும் கோவைக்காரர் பேச்சையும் கேட்ட மாத்திரத்தில் நாம் பிரித்தறிவதுபோல, பாட்டைக் கேட்டு அது எந்தக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். எந்த மாதம் எந்த இடத்தில் அந்தப் பாட்டு கேட்கிறது என்று பார்த்தால், அவற்றின் பயணப் பாதை தெரிந்துவிடும். கப்பலில் துரத்த வேண்டியதில்லை, உடலில் கருவி பொருத்த வேண்டியதில்லை.

நம் கடலில் கேட்டவை

1984இல் இலங்கையின் திருகோணமலைக்கு அருகே நீலத் திமிங்கிலத்தின் பாட்டு பதிவு செய்யப்பட்டது. இன்று உலக ஆய்வேடுகளில் அது 'இலங்கைப் பாட்டு' என்றே வழங்குகிறது. லட்சத்தீவின் கவரத்தி அருகே ஆய்வாளர் திவ்யா பணிக்கர் இறக்கிய ஒலிப்பதிவுக் கருவிகளிலும் நீலத் திமிங்கிலத்தின் பாட்டு சிக்கியது. 2021இல் அந்த ஆய்வு வெளியானது.

சென்னை பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் பங்கும் இதில் உண்டு. 2011 ஜனவரி முதல் மே வரை தென்கிழக்கு அரபிக்கடலின் ஆழம் குறைந்த பகுதியில், கடலின் பின்னணி ஒலியை அளக்க அந்நிறுவனம் ஒரு கருவியை வைத்திருந்தது. அதில் கூனல் திமிங்கிலங்களின் பாட்டு பதிவாகியிருந்தது. அப்பகுதி அவற்றின் இனப்பெருக்கத் தலமாக இருக்கக்கூடும் என்று 2015இல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது.

இந்தக் கூனல் திமிங்கிலங்களின் நிலை பரிதாபமானது. மற்றக் கடல்களில் இவற்றின் இனம் ஆண்டுதோறும் துருவப் பகுதிக்குப் போய் வரும். அரபிக்கடல் கூட்டம் மட்டும் எங்கும் போகாமல் இங்கேயே வாழ்கிறது. 1960களின் நடுவில் சோவியத் கப்பல்கள் இக்கூட்டத்தில் 242 திமிங்கிலங்களைச் சட்டவிரோதமாகக் கொன்றன. இன்று ஓமன் கடலில் நூறுகூட இல்லை என்பதே கணிப்பு. 2017இல் ஓமன் அருகே செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட 'லுபான்' என்ற பெண் திமிங்கிலம், அரபிக்கடலைக் கடந்து கோவாவுக்கு வந்து, இந்தியாவின் தென்முனை வரை சென்று, பிறகு ஓமனுக்கே திரும்பியது. வளைகுடாவுக்குப் பிழைக்கப் போய் ஊர் திரும்பும் நம் பிள்ளைகளின் பாதை அதற்கும் பழக்கமானதுதான்.

எதிர்பாராத இடத்திலிருந்தும் உதவி கிடைத்தது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க டியேகோ கார்சியா அருகே சர்வதேச அமைப்பு வைத்த ஹைட்ரோபோன்களின் ஏறத்தாழ இருபது ஆண்டுப் பதிவுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அலசினார்கள். அதுவரை அறியப்படாத குறு நீலத் திமிங்கிலக் கூட்டம் ஒன்று இந்தியப் பெருங்கடலில் வாழ்வதை 2021இல் அறிவித்தார்கள். குண்டுச் சத்தத்துக்காக வைத்த காதில் உயிரின் சத்தம் விழுந்தது.

சத்தம் செய்யும் கேடு

சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்று கைபேசியில் பேசிப் பாருங்கள். நாலு பேருந்து ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தால் எதிர்முனையில் பேசுவது தாயாக இருந்தாலும் கேட்காது. கப்பல் எஞ்சின்களின் தாழ்ந்த இரைச்சலும் திமிங்கிலப் பாட்டும் பெரும்பாலும் ஒரே அதிர்வெண்ணில் இருப்பதால், கடலுக்குள் நடப்பதும் இதுவே.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு சில நாட்கள் வட அமெரிக்காவின் கிழக்குக் கடலில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அதே நாட்களில் அங்கிருந்த திமிங்கிலங்களின் சாணத்தை ஆராய்ந்தபோது, மன அழுத்தத்தைக் காட்டும் ஹார்மோனின் அளவும் குறைந்திருந்தது. நாம் எழுப்பும் சத்தம் அவற்றின் உடம்பையே பாதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

எண்ணெய் தேடும் நில அதிர்வு ஆய்வு இதைவிடக் கடுமையானது. கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கிகள் சில நொடிகளுக்கு ஒருமுறை கடலடியை நோக்கி வெடிக்கும். இரவு பகலாக, வாரக்கணக்கில் இது தொடரும். அட்லாண்டிக் பெருங்கடலில் இத்தகைய வெடிப்பொலிகள் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டருக்கு அப்பாலும் பதிவாகியிருக்கின்றன. வரைபடத்தில் ஏலப் பகுதிக்கு எல்லை போடலாம். சத்தத்துக்கு எல்லை போட முடியாது.

மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே 21 தீவுகள் உள்ளன. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கடற்கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியதையும், ஊர் மக்களும் மீனவர்களும் அவற்றைக் கடலுக்குள் தள்ளிவிடப் போராடியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். 1973லும் அதே கரையில் இதுபோல் நடந்தது. அவை ஏன் கரை ஏறின என்பது முடிவாகத் தெரியவில்லை. ஆகவே அதற்கு இரைச்சலைக் குற்றம் சாட்டுவது நேர்மையாகாது. காரணம் தெரியாத இடத்தில் இன்னும் கூடுதல் கவனம் தேவை என்பது மட்டுமே நம் வாதம்.

மறுபக்கத்தையும் பேச வேண்டும். நம் நாடு தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. விலை ஏறினால் முதலில் அடிபடுவது ஆட்டோ ஓட்டுநரும் சிறு வியாபாரியும்தான். எனவே தேடலே கூடாது என்று சொல்வது எளிது, அதற்கான விலையை யார் கொடுப்பது என்பது கடினமான கேள்வி. ஆனால் அனுமதி கொடுக்கும் முன் அங்கே யார் வாழ்கிறார்கள் என்று கேட்பது எந்த வளர்ச்சிக்கும் எதிரானதல்ல. ஒரு வீட்டை இடிக்கும் முன் உள்ளே ஆள் இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்ப்பதில்லையா?

அரசிடம் நாம் கேட்பது மூன்று. வெடி வைக்கும் முன் குறைந்தது ஓராண்டு, எல்லாப் பருவங்களிலும் அக்கடலின் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுகளை மீனவர்களும் ஆய்வாளர்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். திமிங்கிலங்கள் பாடும் மாதங்களில் வெடிப்புக்குத் தடை இருக்க வேண்டும். மாற்றம் முடியாத காரியமல்ல. இலங்கையின் தென்முனையில் நீலத் திமிங்கிலங்கள் கப்பலில் மோதிச் சாவதைத் தவிர்க்க, எம்எஸ்சி என்ற பெரும் கப்பல் நிறுவனம் 2022இல் தன் கப்பல்களின் பாதையைத் தானாகவே தெற்கே தள்ளி அமைத்துக்கொண்டது.

திருச்சியின் பங்கு

ஹைட்ரோபோனை இறக்கக் கடல் வேண்டும். பதிவைக் கேட்கக் கடல் வேண்டாம். பல்லாயிரம் மணிநேர ஒலியில் திமிங்கிலக் குரலைத் தேடிப் பிரிக்கக் கணினி தெரிந்த இளைஞர்கள் வேண்டும். அவர்கள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் துறை இருக்கிறது. என்.ஐ.டி. இருக்கிறது. ஜமால் முகமது கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகள் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும்போது இதையும் நினைத்துப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்பர் நம் அத்தர் கடைகளுக்குப் பழக்கமான பெயர். திமிங்கிலத்தின் குடலில் உருவாகும் அந்தப் பொருளை வைத்திருப்பதும் விற்பதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் குற்றம். கோடிக்கணக்கில் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையில் இளைஞர்கள் சிக்கிச் சிறைக்குப் போகும் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. பெற்றோர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றை நம் பிள்ளைகள் மதரஸாவில் சிறுவயதிலேயே கேட்கிறார்கள். கடலின் இருளுக்குள் இருந்து எழுந்த குரலையும் இறைவன் கேட்டான் என்பது அதில் அவர்கள் பெறும் பாடம். அந்த இருளில் இன்றும் குரல்கள் எழுகின்றன. அவற்றைக் கேட்கும் கருவி நம் கையில் இருக்கிறது. கேட்ட பிறகு முடிவெடுப்பதா, முடிவெடுத்த பிறகு கேட்பதா என்பதே இப்போது நம்முன் உள்ள கேள்வி.