சராசரிகளின் சராசரி

புரோகிராமிங் படிக்கத் தொடங்கும் எல்லோருக்கும் அரே பாடத்தில் ஒரே பயிற்சிதான் வரும்: பத்து மாணவர்களின் புள்ளிகளைப் போட்டு சராசரி எடு. கொட்டாவிதான் மிஞ்சும். நொய்கெல்னில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளுக்கு நான் முத்தையா முரளிதரனைக் கொடுக்கிறேன். அவரைப் பற்றி எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது.

முரளி 133 டெஸ்டில் 800 விக்கெட். ஷேன் வோர்ன் 145 டெஸ்டில் 708. உடனே ஒருவர் சொல்வார்: "முரளி பங்களாதேஷையும் சிம்பாப்வேயையும் வைத்துத்தானே நிரப்பினார்!" சண்டை வேண்டாம், கணக்குப் போடுவோம். ஒவ்வொரு எதிரணிக்கும் எத்தனை டெஸ்ட், எத்தனை விக்கெட் என்று அரேயில் எழுதுங்கள். ஃபில்டரால் அந்த இரண்டு அணிகளையும் நீக்குங்கள். ரெடியூஸால் மிச்சத்தைக் கூட்டுங்கள்.

முரளிக்கு 25 டெஸ்டும் 176 விக்கெட்டும் குறையும். மிச்சம் 108 டெஸ்டில் 624, அதாவது டெஸ்டுக்கு 5.78. வோர்னுக்குக் குறைவது 3 டெஸ்டும் 17 விக்கெட்டும்தான். மிச்சம் 142 டெஸ்டில் 691, டெஸ்டுக்கு 4.87. முரளி அப்போதும் முன்னால்தான். ஆனால் வாதம் இதோடு முடியாது. வோர்னின் அணியில் மெக்ராத்தும் இருந்தார், விக்கெட்டுகள் பங்கு பிரிந்தன. அதைப் பார்க்க வேறு கேள்வி, வேறு ஃபில்டர் வேண்டும்.

இப்போது இதே வேலையை இரண்டு கோர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். ஒன்றுக்கு அந்த 25 டெஸ்ட், மற்றதற்கு 108. இரண்டும் தங்கள் சராசரியைத் திருப்பித் தரட்டும்: 7.04, 5.78. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 6.41. ஆனால் 800ஐ 133ஆல் வகுத்தால் 6.02தான். எரர் எதுவும் வராது. புரோகிராம் அமைதியாகப் பிழையான விடையைத் தரும். 25 டெஸ்டுக்கும் 108 டெஸ்டுக்கும் ஒரே பாரம் கொடுத்ததுதான் காரணம். ஒவ்வொரு கோரும் மொத்தத்தையும் எண்ணிக்கையையும் தர வேண்டும். வகுப்பது கடைசியில், ஒரே ஒரு தடவை.

வேகத்தைவிட இந்தப் பாடம்தான் முக்கியம் என்பது என் கருத்து. நாங்கள் வாழும் நொய்கெல்னைப் பற்றியும் குடியேறியோர் பிள்ளைகளைப் பற்றியும் ஜெர்மன் செய்திகளில் அடிக்கடி சதவீதங்கள் வரும். கோபப்படுவதற்கு முதல் மூன்று கேள்வி கேளுங்கள். யாரை உள்ளே எடுத்தார்கள், யாரை நீக்கினார்கள்? ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர்? எந்த இடத்தில் வகுத்தார்கள்?

"எங்கட பிள்ளைகள் எல்லாரும் படிப்பில கெட்டிக்காரர்" என்று குடும்ப வட்ஸ்அப்பில் பெருமையாக ஒரு கணக்கு வந்தாலும் இதே மூன்று கேள்விதான். எங்களுக்குப் பிடித்த விடைக்குத் தனிச் சலுகை கிடையாது, அது முரளியாக இருந்தாலும்.