வாய் வறள்வது வயதின் குற்றமன்று

“வயதாகிவிட்டது, வாய் வறளத்தான் செய்யும்.” நாடெங்கும் மருத்துவரிடம் போகும் முதியோர் கேட்டுத் திரும்பும் தீர்ப்பு இது. சோதனையும் இல்லை, விசாரணையும் இல்லை. முதுமையே குற்றவாளி என்று முடிவாகிவிடுகிறது. உடலியங்கியல் இத்தீர்ப்பை ஏற்பதில்லை.

உமிழ்நீர் சுரப்பது ஒரு சமிக்ஞைத் தொடர். நரம்பு நுனி வெளியிடும் அசிட்டைல்கோலின், சுரப்பிச் செல்லின் எம்3 ஏற்பியில் வந்து பொருந்துகிறது. செல்லுக்குள் ஐபி3 என்னும் மூலக்கூறு உருவாகி, சேமிப்பிலுள்ள கால்சியத்தை விடுவிக்கிறது. கால்சியம் உயர்ந்ததும் குளோரைடு வாயில்கள் திறக்கின்றன. உப்பு செல்லும் வழியே நீரும், பெரும்பாலும் அக்வாபோரின்-5 ஊடாக, வெளியேறுகிறது.

முதுமை இத்தொடரைத் தீண்டுவதே இல்லை என்று வாதிடுவதும் பிழை. மூத்த எலிகளின் சுரப்பியில் கால்சியச் சமிக்ஞை தளர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மனிதரிலும் சுரக்கும் திசு குறைந்து, கொழுப்பும் நாரும் அவ்விடத்தைப் பிடிக்கின்றன. தாடைக்கீழ்ச் சுரப்பியின் அளவும் குறைகிறது. ஆயினும் நலமான முதியோரின் கன்னச் சுரப்பி, தூண்டப்படும்போது இளையோருக்கு ஏறத்தாழ இணையாகச் சுரப்பதை 1981இலேயே புரூஸ் பாம் எடுத்துரைத்தார். சுரப்பியிடம் உபரித் திறன் உண்டு என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம். மூப்பு அந்தக் கையிருப்பைக் கரைக்கிறது, ஊற்றை அடைப்பதில்லை.

அடைப்பது பல வேளைகளில் மருந்துச்சீட்டு. அமிட்ரிப்டிலின், ஆக்ஸிபியூட்டினின், சளி மாத்திரைகளில் உள்ள குளோர்பெனிரமைன் ஆகியவை அசிட்டைல்கோலின் வந்து பொருந்தும் அதே ஏற்பியை மறிக்கின்றன. இளையவர் உபரியைக் கொண்டு சமாளிக்கிறார். கையிருப்புக் குறைந்த முதியவர் வறண்டுபோகிறார். கட்டுப்படாத நீரிழிவும் இவ்வறட்சியைக் கூட்டும். இவற்றையெல்லாம் விசாரிக்காமல் வயதைச் சுட்டுவது அறிவியலன்று, சோம்பல்.

இச்சோம்பலின் விலையை முதியவரே செலுத்துகிறார். பல்லின் வேர் சொத்தையாகிறது; வாயில் பூஞ்சை படர்கிறது; செயற்கைப் பல்வரிசை நிலைகொள்வதில்லை; சோற்றை விழுங்கவும் ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே இந்நாட்டில் அறுபதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல்.

இதைக் கண்டறியப் பெருங்கருவி எதுவும் வேண்டாம். அளவுகோடிட்ட ஒரு குப்பியும் ஒரு கடிகாரமும் போதும். தூண்டுதலின்றி 5 நிமிடத்தில் சேரும் உமிழ்நீர் அரை மில்லிலிட்டரை எட்டவில்லையெனில் சுரப்பு குறைந்துள்ளது என்று பொருள். அடுத்த கடமை, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மேசைமீது பரப்பி ஒவ்வொன்றாக ஆராய்வது. மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் நோயாளி தாமே செய்யத் தக்கதன்று. மருத்துவர் செய்ய வேண்டியது. அதைச் செய்யாதவரை, வயதின்மீது பழிபோடும் உரிமை அவருக்கு இல்லை.