ஹைஸ்மன் விருதும் நான் எழுதிய ஒரு சி.ஆரும்

2023 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு, சியாட்டில் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கே பார்த்த ஏரி, மழை, மளிகைக் கடை பற்றியெல்லாம் எனக்கு முன்னால் போனவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது பேரனோடு மூன்று மாதம் போட்ட ஒரு சண்டையைப் பற்றி.

பேரனுக்கு வயது பதினான்கு. சனிக்கிழமை வந்தால் ஊதாச் சட்டை போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான். அவர்கள் ஊர் வாஷிங்டன் பல்கலைக்கழக அணி ஆடும் ஃபுட்பால். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. இவர்கள் முட்டை வடிவத்தில் ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். முதல் இரண்டு வாரம் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளைதான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

உங்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதுவது விளங்காது. நூறு கெஜம் நீளமுள்ள மைதானம். பந்து வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் அது டச்டவுன், ஆறு புள்ளி. இதில் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு எடுப்பவர்தான் குவாட்டர்பேக். ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். எதிரணி கையில் பந்து போனதும் குவாட்டர்பேக் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். தடுத்து ஆட வேறு பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்கள் கோட்டை விட்டால் இவர் தண்ணீர் குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கல்லூரி ஆட்டக்காரர்களில் வருடத்துக்கு ஒருவருக்கு ஹைஸ்மன் விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். 1935 முதல் இருக்கிறது. கோப்பை இல்லை, வெண்கலச் சிலை. 2023இல் ஓட்டுப் போடும் உரிமை இருந்தவர்கள் 928 பேர். அதில் 870 பேர் பத்திரிகை, டி.வி.காரர்கள், 57 பேர் ஏற்கெனவே அந்த விருது வாங்கியவர்கள், ரசிகர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஓட்டு. ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயருக்கு மூன்று புள்ளி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு ஒன்று.

அந்த வருடம் பேரனின் ஆள் மைக்கேல் பெனிக்ஸ், வாஷிங்டன் அணியின் இடதுகை குவாட்டர்பேக். என்னுடைய ஆள் ஜெய்டன் டேனியல்ஸ், லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம். சுருக்கமாக எல்.எஸ்.யு.

நான் எல்.எஸ்.யு. பக்கம் போனதற்கு முதல் காரணம் ஆட்டம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயரை டி.வி.யில் 'பேட்டன் ரூஜ்' என்று சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். பிரெஞ்சில் 'பாத்தோன் ரூழ்' என்றால் சிவப்புக் கம்பு. லூசியானா ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த நாடு, எங்கள் ஊர் மாதிரி. அங்கே ரசிகர்கள் பிடித்திருந்த அட்டையில் ஆங்கிலத்தின் 'கோ' என்ற சொல்லை ஜி, ஈ, ஏ, யு, எக்ஸ் என்று பிரெஞ்சுச் சாயலில் எழுதியிருந்தார்கள். முறைப்படி அதை 'ழோ' என்றுதான் வாசிக்க வேண்டும். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் பார்த்திருந்தால் பிரம்பைத் தேடியிருப்பார். இன்னொரு வேடிக்கை, இரண்டு அணிக்கும் நிறம் ஒன்றே, ஊதாவும் பொன்னும். பேரன் தன் பழைய சட்டை ஒன்றை எனக்குக் கொடுத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டே அவன் எதிரிக்குக் கை தட்டினேன்.

பிறகுதான் ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். குமாஸ்தா புத்தி போகுமா, ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்தேன்.

டிசம்பர் முதல் வாரம் ஓட்டு முடியும்போது என் நோட்டில் இருந்தது இது. டேனியல்ஸ் பன்னிரண்டு ஆட்டத்தில் 327 முறை எறிந்து 236 போய்ச் சேர்ந்தது. 3,812 கெஜம், 40 டச்டவுன், எதிரி கையில் கொடுத்தது நான்கே நான்கு. பெனிக்ஸ் பதின்மூன்று ஆட்டத்தில் 466 எறிந்து 307 சேர்ந்தது. 4,218 கெஜம், 33 டச்டவுன், எதிரி கையில் ஒன்பது. மொத்த கெஜம் பெனிக்ஸுக்குத்தான் அதிகம் என்று பேரன் துள்ளினான். வகுத்துப் பார் என்றேன். எறிவுக்கு இவருக்குப் பதினொன்றரைக்கு மேல், அவருக்கு ஒன்பது. இதற்கு மேல் டேனியல்ஸ் தானே ஓடி எடுத்தது 1,134 கெஜம், 10 டச்டவுன். பெனிக்ஸ் ஓடியது மிகச் சொற்பம். நவம்பரில் ஃப்ளோரிடா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் டேனியல்ஸ் எறிந்து 372 கெஜமும் ஓடி 234 கெஜமும் எடுத்தார். மேல்மட்டக் கல்லூரி ஆட்டத்தில் 350ம் 200ம் சேர்ந்து அதுவரை யாரும் எடுத்ததில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அலபாமாவோடு ஆடும்போது அடிபட்டுப் பாதியில் வெளியே போனவர் அவர்.

பேரன் கையில் இருந்தது ஒரே ஒரு துருப்புச்சீட்டு. "தாத்தா, எங்க டீம் பதிமூணு ஆடி பதிமூணும் ஜெயிச்சிருக்கு. உங்க டீம் மூணு தோத்திருக்கு. தோத்துப்போற டீம்ல இருக்கிறவர் எப்படி பெஸ்ட்?"

கேள்வி சரியான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் எண்ணிக்கையை மட்டும் அடுக்குவது ஏமாற்று. கடைசி ஓரிரண்டு நிமிடத்தில் ஆட்டத்தைத் திருப்புவது எல்லோருக்கும் வராது. அக்டோபரில் ஓரிகான் அணியோடு பின்தங்கியிருந்தபோது இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் பெனிக்ஸ் எறிந்த பந்தைத்தான் வாஷிங்டன் 36-33 என்று ஜெயித்தது. அன்றைக்கு நானும்தான் எழுந்து நின்றேன். முழங்காலிலும் தோளிலும் மாறி மாறி அடிபட்டு வருடங்களை இழந்து திரும்பி வந்த பையன். அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை.

ஆனால் இரண்டு ஆட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். செப்டம்பர் 30, எல்.எஸ்.யு. மிசிசிப்பி அணியிடம் தோற்றது 55-49. டேனியல்ஸ் அன்று எறிந்தது 414 கெஜம், நான்கு டச்டவுன். ஓடியது 99 கெஜம். அக்டோபர் 21, வாஷிங்டன் அரிசோனா மாநில அணியை ஜெயித்தது 15-7. அதில் பெனிக்ஸ் ஒரு டச்டவுன்கூட எறியவில்லை. தடுத்து ஆடுபவர்களில் ஒருவர் எதிரி எறிந்த பந்தைப் பிடித்து 89 கெஜம் ஓடியதால் வாஷிங்டன் பிழைத்தது. அணி 49 புள்ளி எடுத்தும் ஒருவர் கணக்கில் தோல்வி, 15 எடுத்து இன்னொருவர் கணக்கில் வெற்றி. 55 புள்ளி விட்டுக்கொடுத்த நேரமெல்லாம் டேனியல்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

டேனியல்ஸுக்கு எதிராகவும் சொல்ல உண்டு. ஓட்டு நெருங்கும் சமயத்தில் ஜார்ஜியா மாநில அணி என்ற சாதாரண அணியை 56-14 என்று நொறுக்கி, அந்த ஒரே நாளில் எட்டு டச்டவுன் சேர்த்துக்கொண்டார். மார்ச் மாதம் வந்ததும் பழைய ஃபைல் எல்லாவற்றையும் தள்ளிக் கணக்குக் காட்டுகிற ஆளைப் பார்த்தவன் நான். எனவே அந்த எட்டையும் அடித்துவிட்டுப் பார்த்தேன். ஐம்பதில் நாற்பத்திரண்டு மிச்சம். அப்போதும் அவர்தான் முன்னால். தோற்ற மூன்றில் முதலாவதான ஃப்ளோரிடா மாநில ஆட்டத்தில் அவர் ஒன்றும் பிரமாதமாக ஆடவில்லை, அதை அவர் பேரிலேயே எழுதினேன்.

பள்ளியில் எங்களுக்கு 'டிக்டே' உண்டு. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். இருபதில் ஆரம்பித்துப் பிழைக்கு நான்கு கழிப்பார், ஐந்து பிழையில் சைபர். இரக்கமே இல்லாத முறை. ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் பிழைக்கு என் தாளில் கழித்ததில்லை.

நான் கழித்திருக்கிறேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு அரசு அலுவலகத்தில் நான் சூப்பரிண்டெண்ட். என் செக்‌ஷனில் ஐந்து பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர். அதில் ஒருவர் அடிக்கடி லீவு. மீதி இருந்த இருவரில் ஒரு யு.டி.சி. இரண்டு ஆள் வேலையைப் பார்த்தார். நோட் எழுதினால் மேலே போய்க் கேள்வியோடு திரும்பி வராது. இருந்தாலும் செக்‌ஷன் மொத்தமாகப் பார்த்தால் பெண்டிங் மலைபோல் இருந்தது, மாதக் கூட்டத்தில் எங்கள் செக்‌ஷன் பெயர்தான் முதலில் வரும். வருடாந்திர சி.ஆர். எழுதும்போது அவருக்கு 'அவுட்ஸ்டாண்டிங்' என்று எழுத எடுத்தேன். "செக்‌ஷனே சுமார், அதில் ஒரு ஆள் மட்டும் எப்படி அவுட்ஸ்டாண்டிங்?" என்று அதிகாரி கேட்டார். உத்தரவு ஒன்றும் போடவில்லை, கேட்டார், அவ்வளவுதான். நான் 'குட்' என்று எழுதினேன். அடுத்த செக்‌ஷனில் வேலை குறைவு, பெண்டிங் இல்லை. அங்கே இருந்த ஒருவருக்கு 'வெரி குட்'. பிரமோஷன் பட்டியல் வந்தபோது எந்தப் பெயர் இருந்தது, எந்தப் பெயர் இல்லை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஆள் யு.டி.சி.யாகவே ரிட்டயர் ஆனார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சி.ஆரில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியுமா என்பதும் எனக்குத் தெரியாது. அவர் இண்டர்நெட் பக்கம் வருகிறவர் இல்லை.

ஆகவே பேரன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. கோபம் அவன் மேல் இல்லை. பந்தைக் கையில் வைத்திருந்த நேரத்தில் என்ன செய்தான் என்பதற்குத்தானே ஒரு ஆளுக்கு மார்க்? அணி ஜெயித்ததற்குத் தனியாகப் பெரிய கோப்பை இருக்கிறதே. 1956இல் இதே ஹைஸ்மனை நோட்ர் டாம் அணியின் பால் ஹார்னுங்குக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வருடம் அவர் அணி இரண்டு ஜெயித்து எட்டு தோற்றது. (அவர் அதற்குத் தகுதியா என்பது வேறு சண்டை. எதிரி கையில் பதின்மூன்று கொடுத்தவர்.)

டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் அறிவித்தார்கள். டேனியல்ஸ் 2,029 புள்ளி, பெனிக்ஸ் 1,701. முதல் இடத்துக்கான ஓட்டு 503க்கு 292. அந்த 292 பேரும் முட்டாள்கள் இல்லை. மேக்ஸ்வெல் விருது என்ற இன்னொன்றை அதே வருடம் பெனிக்ஸுக்குத்தான் கொடுத்தார்கள். பேரன் அன்று சாப்பிடாமல் படுக்கப் போனான். "சின்னப் பையன்கிட்ட போய் ஜம்பமா" என்று வீட்டம்மா என்னை ஒரு பிடி பிடித்தாள்.

கதை அதோடு முடியவில்லை. ஓட்டு முடிந்த பிறகுதான் பெரிய ஆட்டங்கள். ஜனவரி 1, டெக்ஸாஸ் அணியை வாஷிங்டன் 37-31 ஜெயித்தது. பெனிக்ஸ் 430 கெஜம். அவ்வளவு துல்லியமாக ஒருவர் எறிந்து நான் பார்த்ததில்லை. "இப்ப ஓட்டு வச்சா?" என்றான் பேரன். வாயடைத்துப் போனேன். ஒரு வாரம் கழித்து இறுதி ஆட்டத்தில் மிச்சிகனிடம் 34-13 தோல்வி. பெனிக்ஸ் எறிந்ததில் இரண்டு எதிரி கைக்குப் போனது. "இப்ப ஓட்டு வச்சா?" என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. சி.ஆர். வருடம் மார்ச் 31இல் முடிகிறது, ஏப்ரலில் செய்த வேலை அடுத்த வருடத்தில் ஏறும். இந்தப் பையன்களுக்கு அடுத்த வருடம் கிடையாது, படிப்பு முடிந்து போய்விடுவார்கள். ஓட்டை இறுதி ஆட்டத்துக்குப் பிறகு வைத்தால்தான் நியாயம். அந்த ஒன்றில் பேரன் கட்சி நான்.

ஊர் திரும்பிய பின் ஏப்ரலில் பேரன் போன் செய்தான். தொழில்முறை அணிகள் ஆள் எடுத்தபோது டேனியல்ஸ் இரண்டாவதாகவும் பெனிக்ஸ் எட்டாவதாகவும் போனார்களாம். "உங்க ஆள் வாஷிங்டனுக்கே வர்றார் தாத்தா!" சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது அது தலைநகர் வாஷிங்டன், இவர்கள் இருப்பது நாட்டின் இன்னொரு கோடி. அங்கே டேனியல்ஸ் முதல் வருடமே பெயர் வாங்கினார். இதை நான் சாட்சிக்கு இழுக்கமாட்டேன். பின்னால் நன்றாக ஆடினார் என்பதற்காக முன்னால் கொடுத்தது சரியாகிவிடாது.

பழைய யு.டி.சி. இன்னமும் மாலையில் கடற்கரைக்கு வருகிறார். அமெரிக்கா எப்படி என்று கேட்டார். இந்த விருதுக் கதையை முழுக்கச் சொன்னேன், சி.ஆர். பகுதியை விட்டுவிட்டு. மிகவும் கவனமாகக் கேட்டார்.

"அந்த இன்னொரு பையன் என்ன ஆனான் சார்?"

"எட்டாவதா எடுத்துக்கிட்டாங்க."

"பரவாயில்லையே," என்றார். சுண்டல்காரனைக் கூப்பிட்டு இரண்டு பொட்டலம் வாங்கினார். காசை அவரே கொடுத்தார், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.