“சும்மா இருந்த” ஆச்சி

முத்தையாபுரத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி சென்ற மாதம் காலமாகி, துட்டி கேட்க நாமும் போயிருந்தோம். நமக்குப் பலமுறை ஜாதி கேளாமல் சோறு போட்ட கை அந்தக் கை. ஆகவே துக்கம் நமக்கும் உண்டு. ஆனால் இதை எழுதும்படி செய்தது துக்கம் மாத்திரமல்ல. அங்கு நாம் கண்ட இரண்டு காகிதங்களேயாகும்.

முதல் காகிதம் சாவைப் பதியும் படிவம். வீட்டார் ஒருவர் அதில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். ஏன் என்று கேட்டோம். “ஆச்சி என்ன வேலைக்கா போனாங்க? சும்மா வீட்லதான இருந்தாங்க” என்றார்.

இந்தச் ‘சும்மா’வின் யோக்கியதையைப் பார்ப்போம். உப்பளக் கூலிக்குப் போன புருஷனுக்கு விடியுமுன் கஞ்சி காய்ச்சியது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு அலைந்தது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது. படுக்கையில் கிடந்த மாமியாருக்கு மலஜலம் எடுத்தது. பேரன் பேத்திகளை இடுப்பில் சுமந்தது. முடிவில் காதிலிருந்த பாம்படத்தை விற்று ஒரு மனை வாங்கச் செய்தது. மனை யார் பெயரில்? புருஷன் பெயரில்! இவ்வளவுக்கும் பெயர் சும்மா இருந்ததாம்.

இது அந்த ஒரு வீட்டின் குற்றமல்ல. 2001ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் ‘வேலை செய்யாதவர்’ என்று பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியில் அடைக்கப்பட்டதை 2010-இல் சுப்ரீம் கோர்ட்டே கண்டித்திருக்கின்றது. 2019-இல் சர்க்கார் எடுத்த கணக்கின்படியோ, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செலவிடுகிறார்கள். இந்த முத்துக்கரையில் 1961-இல் நடந்த கடைசிக் குளிப்பு வரையில் சிப்பியை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் போட்டார்கள். உப்புக்கும் டன் கணக்கு உண்டு. சிப்பிக்கும் உப்புக்கும் உள்ள கணக்கு ஒரு மனுஷியின் அறுபது வருஷ உழைப்புக்கு இல்லையென்றால் இதைவிட அக்கிரமம் வேறென்ன?

நிற்க. பதினாறாம் நாள் புரோகிதர் வந்தார். அரிசி, வேஷ்டி, குடை, செருப்பு எல்லாம் தானம்! கண்ணில் புரை விழுந்து ஆச்சி இரண்டு வருஷம் சுவரைத் தடவி நடந்தபோது, “இந்த வயசுல ஆபரேஷன் எதுக்கு” என்றவர்கள், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஒருநாள் ஒழியாதவர்கள், செத்தவள் வெயிலில் நடப்பாளே என்று குடை பிடிக்கிறார்கள்! மேலுலகத்தில் கால் சுடும் என்று கண்டுபிடித்த புரோகிதருக்கு அங்கே கண் தெரிய வேண்டுமே என்று தோன்றாமற் போனதேன்?

அதே பந்தலில்தான் இரண்டாவது காகிதம் வந்தது. பெண்மக்கள் இருவருக்கும் ஆளுக்கொரு சேலை கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். தாயின் பாம்படத்தில் வந்த மனையில் மகளுக்குப் பங்கில்லையாம்! “போடாவிட்டால் பிறந்த வீடு அத்துப் போகும்” என்ற மிரட்டல் வேறு.

தோழர்களே! பெண்களுக்குச் சமசொத்துரிமை வேண்டுமென்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் தீர்மானமாயிற்று. உயில் எழுதாமல் இறந்த இந்து ஒருவனின் சுயசம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு என்று 1956ஆம் வருஷச் சட்டம் சொல்லிவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தர 1989-இல் தமிழ்நாட்டிலும், 2005-இல் தேசமெங்கும் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் சம்பாதித்த கணவனின் பணத்தில் வாங்கிய சொத்தானாலும், வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் அதில் சேர்ந்ததேயாகும், அவளுக்குச் சரிபங்கு உண்டு என்று, நெய்வேலிக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2023-இல் சென்னை ஐக்கோர்ட்டு சொல்லியிருக்கின்றது. கோர்ட்டுக்குத் தெரிந்த நியாயம் வீட்டுக்குத் தெரிய எத்தனை வருஷம் வேண்டும்?

“தாயின் அன்புக்கு விலை பேசுவதா?” என்று சிலர் நம்மைக் கேட்கலாம். அன்புக்கு விலையில்லை என்பவர்கள் மனைக்கு மாத்திரம் பத்திரம் எழுதுவானேன்? மகள் தன் பங்கை மனமுவந்து விடுவது வேறு. துக்க வீட்டில் கண்ணீர் காயுமுன் பேனாவை நீட்டுவது வேறு. முன்னது கொடை, பின்னது பறிப்பு.

மூத்த மகள் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார். இளையவர் மாத்திரம், “படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவேன்” என்று பத்திரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பதினாறு நாளில் ஆச்சிக்கு நடந்த உண்மையான மரியாதை அது ஒன்றுதான் என்று நாம் துணிந்து சொல்வோம்.

உங்கள் வீட்டிலும் ஓர் ஆச்சி இருப்பார். இருக்கும்போதே கண்ணுக்கு வைத்தியம் பாருங்கள். வாங்கும் மனையில் அவர் பெயரையும் எழுதுங்கள். மகளின் பங்கை மகளுக்குக் கொடுங்கள். அவர் போன பிறகு ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வீட்டு வேலை, அறுபது வருஷம்’ என்று எழுதுங்கள். இவற்றைச் செய்யாதவர்கள் எத்தனை குடை கொடுத்தென்ன, எத்தனை செருப்புக் கொடுத்தென்ன?