மண்ணை மூடுவோம், உருளைக்கிழங்குக்காக அல்ல

மலேசியக் கடைகளில் கிடைக்கும் உருளைக்கிழங்கு ஏறக்குறைய முழுவதும் சீனா, பங்களாதேஷ், பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. விலை ஏறும்போதெல்லாம், வீட்டுக் கொல்லையில் நாமே விளைவித்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பு. காணொளிகளில் பார்த்தால் வேலை மிகச் சுலபமாகத் தெரிகிறது. தரையில் கறுப்பு விரிப்பைப் பரப்பி, குறுக்காகக் கீறி, விதைக்கிழங்கைச் செருகிவிட்டால் போதும். களை எடுக்க வேண்டாம், மண் அணைக்க வேண்டாம், மூன்று மாதம் கழித்து விரிப்பைத் தூக்கினால் கிழங்கு மேலாகவே கிடக்கும். மலாக்காவின் சிம்பாங் அம்பாட்டில் பாத்தி போடுகிறவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது என்பது என் கருத்து. மண்ணை மூடுவது நல்ல பழக்கம்தான். ஆனால் எதைக் கொண்டு மூடுவது, எந்தப் பயிருக்காக மூடுவது என்பதை நம் ஊர் வெயிலும் மழையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முறை குளிர்நாட்டுத் தோட்டங்களில் பலிப்பதற்குக் காரணம் உண்டு. உருளைக்கிழங்கின் மேல் வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி, உள்ளே சொலனின் என்ற நச்சு ஏறும். அதைத் தடுக்கத்தான் விவசாயிகள் செடியைச் சுற்றி மண் அணைக்கிறார்கள். கறுப்பு விரிப்பு வெளிச்சத்தை அறவே மறைப்பதால் அந்த வேலை மிச்சமாகிறது. களையும் எழும்பாது. அதோடு, வசந்த காலத்தில் இன்னும் சில்லென்று இருக்கும் மண்ணை அது சீக்கிரம் சூடேற்றிக் கொடுக்கிறது. ஐரோப்பியத் தோட்டக்காரருக்கு வரமாக இருக்கும் இந்தச் சூடுதான் நமக்குச் சாபம். நண்பகலில் வெயிலில் கிடக்கும் கறுப்பு விரிப்பில் கை வைத்துப் பார்த்தாலே போதும். அதன் அடியில் ஒரு கிழங்கு என்ன பாடுபடும் என்பது விளங்கிவிடும்.

உருளைக்கிழங்குச் செடி கிழங்கு வைப்பதற்கு இரவுக் குளிர் வேண்டும். சாதாரண ரகங்களுக்கு இரவு வெப்பம் 16 முதல் 18 டிகிரி வரை இருப்பது உகந்தது. மலாக்காவில் இரவு வெப்பம் ஆண்டு முழுவதும் 23, 24 டிகிரியை ஒட்டியே இருக்கும். இந்தச் சூட்டில் செடி பகலில் சேர்த்த மாவுச்சத்தை இரவில் சுவாசித்தே செலவழித்துவிடும். இலையும் தண்டுமாகத் தழைக்கும், அடியில் ஒன்றும் தேறாது. வெப்பம் தாங்கும் ரகம் இல்லையா என்று கேட்கலாம். சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 2006-இல் வெளியிட்ட குஃப்ரி சூர்யா அப்படிப்பட்டதுதான். அதற்கும் எல்லை இரவில் 20 டிகிரி. மேற்கு வங்காளத்துச் சுந்தரவனத்தில் உழாமலே கிழங்கை மண்மேல் வைத்து, வைக்கோலால் மூடி விளைவிக்கிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான். ஆனால் அங்கே அது நெல் அறுத்தபின் வரும் குளிர்காலப் பயிர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பம் 15 டிகிரி அளவுக்கு இறங்குகிறது. நமக்கோ அந்தப் பருவமே கிடையாது. தமிழர்கள் உருளைக்கிழங்கில் பேர் வாங்கிய இடம் நீலகிரி என்பதும், மலேசியாவில் அதை முயன்று பார்த்த இடம் கேமரன் மலை என்பதும் தற்செயல் அல்ல.

அப்படியானால் நம் ஊரில் மண்ணுக்கு மேல் போடும் மூடாக்கு என்ன செய்ய வேண்டும்? மண்ணைச் சூடேற்றாமல் குளிர்விக்க வேண்டும். சாய்ந்து அடிக்கும் மழை மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் தாங்க வேண்டும். இந்தப் பாடத்தைத் தோட்டத் துறை பெரிய விலை கொடுத்துக் கற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் புல் பூண்டு ஒன்றில்லாமல் நிரையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று துரைமார்கள் நினைத்தார்கள். நம் முன்னோர் மண்வெட்டி பிடித்து அந்தத் தரையைச் செதுக்கினார்கள். சரிவுகளிலிருந்த மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. பிறகுதான் புரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை இளமரங்களுக்கிடையே படரவிடும் வழக்கம் வேரூன்றியது. இன்று செம்பனைத் தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை நிரைக்கு நிரை அடுக்கிப் போடுவதும், ஆலையில் மிஞ்சும் காலிக் குலைகளை, அதாவது தண்டான் கோசோங்கை, மரத்தடியில் பரப்புவதும் இதே அறிவின் தொடர்ச்சி. சில மாதம் கிடந்த மட்டைக் குவியலைப் புரட்டினால் அடியில் மண் ஈரமாக, கறுத்து, வெள்ளை நூல்போலப் பூஞ்சணம் ஓடி, மண்புழு நெளியும். இரண்டடி தள்ளி வெயிலில் கிடக்கும் மண்ணோ ஓடுபோல இறுகியிருக்கும்.

இந்த மூடாக்குக்கு ஏற்ற கிழங்கு நம்மிடமே இருக்கிறது: சர்க்கரைவள்ளி. இரவில் 24 டிகிரி என்பது அதற்குப் பிரச்சினையே இல்லை. ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி, ஓரடி நீளக் கொடித் துண்டின் பாதியை மண்ணுக்குள் படுக்கவைத்து, நறுக்கிய மட்டை இலை, காய்ந்த லாலான் புல், வாழைச் சருகு என எது கிடைக்கிறதோ அதை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் போதும். லாலானைப் பூ வருமுன்னே அறுத்து, வேர்க்கிழங்கு கலக்காமல் காயவைப்பது முக்கியம். ஒன்றரை மாதத்தில் கொடியே தரையை மூடிவிடும்; அதன்பின் களை தலைதூக்காது. இந்தக் கிழங்கின் பெரிய எதிரியான கூன்வண்டு, பெரும்பாலும் மண் வெடிப்பு வழியாகத்தான் உள்ளே இறங்கி முட்டையிடும். மூடிய மண் வெடிக்காது என்பதால், மருந்தடிக்காமலே வண்டின் வழி பெருமளவு அடைபடுகிறது. ஆனால் சாண உரத்தை அள்ளிக் கொட்டினால் கொடிதான் கொழுக்கும், கிழங்கு சிறுத்துவிடும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி வெளியிட்ட விட்டாத்தோ ரகம் ஆரஞ்சு நிறச் சதை கொண்டது. வைட்டமின் ஏ-வாக உடல் மாற்றிக்கொள்ளும் சத்து நிறைந்தது. ஜப்பானியர் காலத்து மரவள்ளி, சர்க்கரைவள்ளி நினைவால் இவற்றை வறுமைச் சாப்பாடு என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பஞ்ச காலத்தையே தாங்கிய பயிர் என்பது அதற்குக் குறையா, நற்சான்றா?

சருகு மூடாக்கில் நத்தை சேரும், கரையான் வரும், பாம்பு அண்டும் என்பது நியாயமான அச்சம். தண்டான் கோசோங்கைக் குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டும் அதில் முட்டையிடும். இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் கனமும் குவியலும்தான். ஒரே அடுக்காகப் பரப்பி, செடியின் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு, வீட்டுச் சுவரை ஒட்டிக் குவிக்காமல் இருந்தால் தொல்லை பெரிதும் குறையும். பிளாஸ்டிக் விரிப்பு மட்டும் தொல்லையற்றதா என்ன? அதன் மடிப்புகளில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகும். கொசுப் புழு சிக்கினால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. கிழிந்தபின் அதை எரிப்பது, திறந்தவெளி எரிப்பைத் தடைசெய்யும் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு விரோதம். எரிக்காமல் விட்டால் துண்டு துண்டாகப் பாத்தியிலேயே தங்கிவிடும்.

அதற்காக விரிப்பே ஆகாது என்று சொல்லவில்லை. மிளகாய்ப் பாத்தியில் போடும் சில்வர்ஷைன் விரிப்புக்கு இங்கே நியாயம் இருக்கிறது. மேலே உள்ள வெள்ளிப் பூச்சு வெயிலைத் திருப்பியனுப்பி மண் சூடாவதைக் குறைக்கிறது. இலைப்பேனையும் அசுவினியையும் குழப்புவதால் அவை பரப்பும் நச்சுயிரி நோயும் தள்ளிப்போகிறது. லாலான் மண்டிய நிலத்தைத் திருத்த வேண்டுமானால், அறுத்துவிட்டுக் கறுப்பு விரிப்பைச் சில மாதம் போட்டு வைக்கலாம். நிழல் தாங்காத புல் அது, வெளிச்சம் இல்லாமல் நலிந்துவிடும். பிறகு விரிப்பைச் சுருட்டி எடுத்து அடுத்த பாத்திக்குப் பயன்படுத்தலாம். இப்படி, எந்த வேலைக்கு என்று தெரிந்து போட்டால் விரிப்பு நல்ல கருவி. வெளியூர்க் காணொளியைப் பார்த்து, குளிரைக் கேட்கும் கிழங்குக்காக நம் வெயிலில் அதை விரித்தால் விதைக்கிழங்குக் காசும் போகும், தோட்டம் போடும் ஆர்வமும் போகும். உருளைக்கிழங்கைக் கடையிலேயே வாங்கிக்கொள்வோம். கொல்லைப் பாத்தியைச் சர்க்கரைவள்ளிக்கும் செம்பனை மட்டைக்கும் கொடுப்போம்.