சீட்டைத் திருத்துவோம், சொல்லி விற்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன் வைத்திருக்கிறவர்களும் இனி வாங்க யோசிக்கிறவர்களும் பொறுமையாக வாசித்தால் நல்லம்.

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் இறக்குவதை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரி 1இல். இந்த ஐந்து வருசமும் இருந்த வாகனங்கள்தான் எங்களுக்குள்ளேயே கைமாறிக் கைமாறி ஓடின. இப்போது இறக்குமதி வந்தாலும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் சாதாரண சம்பளக்காரன் பழைய வாகனத்துக்கே திரும்பி வருகிறான். ஆகவே பத்து, பதினைந்து வயதான கார்கள் இன்னும் பல காலம் எங்கட வாசல்களில் நிற்கத்தான் போகின்றன. என்ஜினைத் திருத்துகிறோம், டயர் மாற்றுகிறோம். உள்ளே லெதர் தேய்ந்து, நிறம் போய், வெடித்துக் கிடக்கும்போதுதான் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு பிழையான வழிகளில் போகிறோம்.

ஒன்று, நல்ல தோலைக் கழற்றி எறிந்துவிட்டு அல்லது அதற்கு மேலேயே மலிவு ரெக்சின் கவரை மாட்டுவது. மற்றது, விற்பதற்கு முதல் நாள் எதையாவது பூசி மினுக்கி, "ஒருத்தர் பாவிச்ச வாகனம், குறைய ஓடினது" என்று தள்ளிவிடுவது. முதலாவது காசுக்கு நட்டம். இரண்டாவது ஆகிரத்துக்கு நட்டம். இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் தேய்வது எது என்று பாருங்க. சாரதி சீட்டில் கதவுப் பக்கம் உயர்ந்து நிற்கும் ஓரம்தான் முதலில் போகும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் இறங்கும்போதும் உடம்பு அதில் உரசுகிறது. அடுத்தது ஸ்டியரிங். கை வியர்வை, எண்ணெய், அதோடு கொரோனா காலத்தில் பழகிய சனிடைசர். அதிலுள்ள அல்கஹோல் லெதரின் மேல்பூச்சை இளக்கிவிடும். சனிடைசர் காய முதல் ஸ்டியரிங்கைப் பிடிக்கிற பழக்கம் உள்ளவர்களின் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பாருங்க, பிசுபிசுக்கும். இதோடு எங்கட ஊர் வெயில். கண்ணாடி பூட்டி வெயிலில் நிற்கும் காருக்குள் தோல் காய்ந்து சுருங்கி, மடிப்பு விழும் இடங்களில் கோடு கோடாக வெடிக்கிறது.

ஆனால் பலருக்குத் தெரியாத விசயம் இதுதான். கார் லெதரில் நாங்கள் பார்க்கிற நிறம் பெரும்பாலும் தோலின் நிறம் இல்லை. பதனிட்ட மாட்டுத் தோலுக்கு மேலே நிறப்பூச்சும், அதற்கு மேலே கண்ணாடி போன்ற காப்புப் பூச்சும் அடித்திருக்கிறார்கள். இந்தப் பூச்சு முழுவதும் சேர்ந்தாலும் மிக மெல்லியது. பத்து வருசத்தில் தேய்ந்தது அந்தப் பூச்சு. கீழே தோல் பெரும்பாலும் சுகமாகத்தான் இருக்கும். சுவரில் சுண்ணாம்பு உரிந்ததற்காக யாரும் வீட்டை இடிப்பதில்லையே. தோலை ஏன் கழற்றி எறிகிறோம்?

திருத்த முதல் அது தோல்தானா என்று உறுதிப்படுத்த வேண்டும். லெதர் சீட் என்று சொல்லி விற்கும் கார்களிலேயே பல தடவை உட்காரும் முகப்பு மட்டும்தான் தோல், பக்கங்களும் பின்புறமும் செயற்கைத் தோல். தேய்ந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்க. உண்மையான தோல் அதை உறிஞ்சிக் கொஞ்சம் கறுக்கும், ரெக்சினில் தண்ணீர் அப்படியே நிற்கும். கிழிந்த இடமிருந்தால் உள்பக்கம் பாருங்க. தோலென்றால் நார் நாராக இருக்கும், செயற்கையென்றால் நெய்த துணி தெரியும்.

இங்கே ஒரு கேள்வி அடிக்கடி வரும்: "சேர், கார் சீட்டில் பன்றித் தோல் இருக்குமா?" கார் சீட்டுக்குப் பாவிப்பது பெரும்பாலும் மாட்டுத் தோல்தான். பன்றித் தோல் அதிகம் போவது சப்பாத்தின் உள்பக்கத்துக்கும் கையுறைக்கும். அதில் மயிர்த் துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து இருக்கும் என்பது ஓர் அடையாளம். செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் சுத்தமாகிவிடும், நாயும் பன்றியும் மட்டும் விலக்கு என்பது எங்கட ஷாபிஈ மத்ஹபின் சட்டம். ஆகவே மாட்டுத் தோல் சீட்டைப் பற்றி வஸ்வாஸ் படத் தேவையில்லை.

இனித் திருத்தும் வேலை. நல்ல குஷன் பாஸ் ஒருவர் இதைச் செய்யும் ஒழுங்கைச் சொல்கிறேன். நீங்கள் கையால் செய்யாவிட்டாலும், காசு கொடுக்கிற இடத்தில் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்க உதவும்.

முதலில் மென்மையான சவர்க்காரத் தண்ணியும் மெல்லிய பிரஷும் கொண்டு வருசக் கணக்கான அழுக்கை எடுக்க வேண்டும். பிறகு ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்து எண்ணெய்ப் பிடிப்பையும் பழைய மினுக்கு ஸ்பிரேயையும் நீக்க வேண்டும். இந்தப் படியை விட்டால் மேலே எது பூசினாலும் உரியும். டாஷ்போர்டுக்கு அடிக்கிற சிலிகோன் ஸ்பிரேதான் இதில் பெரிய எதிரி. அதன் மேல் எந்த நிறமும் ஒட்டாது. அடுத்தது 600 தொடக்கம் 1000 வரையான மெல்லிய சேண்ட் பேப்பரால் வெடித்த ஓரங்களை இலேசாகத் தேய்த்து மட்டமாக்குவது. வெடிப்புக்கு லெதர் ஃபில்லரை மெல்லிசாகப் பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூச வேண்டும். ஒரே தடவையில் அப்பினால் ஒரு மாதத்தில் அதே இடத்தில் வெடிக்கும். கிழிந்திருந்தால் துளையின் ஊடாக உள்ளே ஒரு துணித் துண்டை நுழைத்து, நெகிழும் பசையால் ஒட்டி, அதற்கு மேல்தான் ஃபில்லர்.

பிறகு நிறம். தண்ணீரில் கரைந்த லெதர் நிறத்தை மறைவான ஓர் இடத்தில் பூசிக் காயவைத்துப் பொருத்தம் பார்க்க வேண்டும். ஈரத்தில் தெரிகிற நிறமும் காய்ந்தபின் தெரிகிற நிறமும் ஒன்றில்லை. மூன்று நான்கு மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கடைசியில் காப்புப் பூச்சு. மினுமினுப்பில்லாத வகையை எடுங்க. புதுக் காரின் லெதர் கண்ணாடி மாதிரி மின்னாது. ஒரு நாளாவது உட்காராமல் விட வேண்டும், சில நாட்களுக்குத் தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் பூசாதீங்க. மேல்பூச்சு இருக்கும் இடத்தில் அது உள்ளே போகாது, தூசியைத்தான் பிடிக்கும். பூச்சுப் போன இடத்தில் உள்ளே ஊறி, பிறகு நிறம் ஒட்டவிடாது. சப்பாத்துப் பொலிஷ் அதைவிட மோசம். பொலிஷ் போட்ட காரை வாங்கிய ஒரு சகோதரர் வெள்ளை ஜுப்பாவோடு ஜும்ஆவுக்குப் போய் இறங்கியபோது பின்பக்கம் கறுப்பு வரி. பள்ளி வாசலில் பிள்ளைகள் சிரித்தார்கள். அவருக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. லீசிங்கில் எடுத்த வாகனம் அது.

எல்லாத்தையும் திருத்த முடியாது என்பதும் உண்மை. மேல்தோல் செதில் செதிலாக உரிகிற செயற்கை லெதர் வகை ஒன்று இருக்கிறது. எங்கட வீடுகளில் நாலைந்து வருசத்தில் உரிந்த செட்டி நினைவிருக்கும், அதே சாமான்தான். காற்றின் ஈரம் அந்தப் பொலியுரேதேன் படலத்தையே சிதைக்கிறது. அதன் மேல் நிறம் பூசுவது வீண். அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி வேறு துண்டு தைக்கச் சொல்லுங்க. முழு சீட்டையும் மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று உயிரோடு சம்பந்தப்பட்டது. சீட்டின் பக்கவாட்டில் எஸ்.ஆர்.எஸ். எயார்பேக் என்று சிறிய லேபல் இருந்தால், அந்தப் பக்கத் தையலை ஒட்டவோ, தடித்த நூலால் மறுபடி தைக்கவோ, இறுக்கமான கவரால் மூடவோ கூடாது. விபத்தின்போது எயார்பேக் அந்தத் தையலைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். அழகுக்காகப் போட்ட கவர் அதைத் தடுத்தால், கவரின் விலையா பெரிது?

ஆகவே என் முதலாவது கருத்து: நல்ல தோல் இருக்கும்போது அதை எறிவது வீண்விரயம். திருத்துவதுதான் சிக்கனம், அதுதான் அழகும்கூட. அந்தக் காசு தூரத்துக் கடைக்குப் போகாமல் எங்கட ஊர்க் குஷன் கடைப் பையனுக்கே போய்ச் சேரும். ஓ.எல். முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகளிடம் இதையும் ஒரு தொழிலாகச் சொல்லலாம். நிறம் கலக்கத் தெரிந்த கண்ணும் அவசரப்படாத கையும் வேண்டும். அவை பரீட்சைப் பெறுபேற்றில் தெரிவதில்லை.

இனி இரண்டாவது விசயம். இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினேன்.

பழைய வாகனம் வாங்குகிறவன் மீட்டரை மட்டும் நம்புவதில்லை. மீட்டரைத் திருப்பலாம் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் அவன் ஸ்டியரிங்கையும் சீட் ஓரத்தையும் பிரேக் பெடலின் ரப்பரையும் பார்க்கிறான். மீட்டர் அறுபதாயிரம் காட்டி, ஸ்டியரிங் வழுக்கை விழுந்திருந்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம்தான் அவனுக்கிருக்கிற ஒரே காவல். மீட்டரையும் திருப்பி, சீட்டுக்கும் நிறம் பூசிக் கொடுத்தால் அந்தக் காவலையும் எடுத்துவிட்டோம்.

"விற்க முதல் கழுவி மினுக்குவது உலக வழக்கம்தானே" என்று சிலர் கேட்பார்கள். கழுவுங்க, திருத்துங்க, நிறமும் பூசுங்க, யாரும் தடுக்கவில்லை. திருத்திய சீட்டுக்குக் கூடுதல் விலை கேட்பதும் உங்கட உரிமை, உழைப்பும் செலவும் போட்டிருக்கிறீர்கள். ஆனால் "இது திருத்தினது" என்ற வார்த்தை கூடவே போக வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னால் விலை விழுந்துவிடும் என்று பயந்தால், நாம் விற்க நினைத்தது சீட்டை அல்ல, அந்த மறைப்பைத்தான்.

மாட்டுச் சந்தையில் நடந்த பழைய தந்திரம் தெரியும்தானே. விற்கிறதுக்கு முதல் சில நாள் பால் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்க வைப்பது. வாங்குகிறவன் நிறையப் பால் தரும் மாடென்று நம்பிக் கூடக் கொடுப்பான். ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இதைத் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவனுக்கு மாட்டைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் கொடுத்தார்கள். நனைந்த தானியத்தைக் குவியலுக்கு அடியில் வைத்திருந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தையும் குத்பாவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். குறையை மறைத்து விற்றால் வாங்கியவனுக்குத் திருப்பும் உரிமை உண்டு என்பது பிக்ஹில் தெளிவான பாடம். மடி பெருத்த மாட்டுக்கும் மினுக்கிய சீட்டுக்கும் என்ன வித்தியாசம்? மாட்டுக்காரன் பாலைக் காட்டினான், நாங்கள் மைலேஜைக் காட்டுகிறோம்.

இப்போது இது இன்னும் பாரதூரமான விசயம். 2025 நவம்பர் வெள்ளத்தில் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்கள் தண்ணிக்குள் நின்றன. அவற்றில் சிலது திருத்தப்பட்டுச் சந்தைக்கு வரும். உள்ளே பளிச்சென்ற சீட்டைப் பார்த்து மயங்காதீங்க. சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, கீழே தண்டவாளத்திலும் ஆணிகளிலும் துரு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சேற்றுக் கோடு அங்கேதான் ஒளிந்திருக்கும். தரை விரிப்பின் ஓரத்தைத் தூக்கி மணந்து பாருங்க. வெள்ளை லேஞ்சியை நனைத்து சீட்டில் அழுத்தித் துடைத்துப் பாருங்க. நிறம் ஒட்டினால் அது பொலிஷ் அல்லது அவசர வேலை. பழைய காரில் சீட் மட்டும் புதுசாக இருந்தால் "எப்ப திருத்தினீங்க, ஏன் திருத்தினீங்க" என்று வெட்கப்படாமல் கேளுங்க. நேர்மையானவர் சந்தோசமாகப் பதில் சொல்வார்.

வாகனம் வாங்குகிறவர்களில் பலர் எங்களைப் போல மாதச் சம்பளக்காரர்கள், அல்லது மத்திய கிழக்கில் வெயிலில் நின்று உழைத்து வந்தவர்கள். உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, பிள்ளையை வகுப்புக்கு விட என்று நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறார்கள். ஏமாந்தது தெரிய வந்த பிறகும் லீசிங் மாதா மாதம் கட்டியே ஆக வேண்டும். விற்றவரோ அதே பள்ளியில் அதே சப்பில் பக்கத்தில் நிற்பார். அந்த நெருடலை எந்த நிறத்தாலும் பூசி மறைக்க முடியாது.

குஷன் வேலை செய்யும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். என்ன செய்தீர்கள், எந்தத் திகதியில் செய்தீர்கள் என்று பில்லில் எழுதிக் கொடுங்க. விற்கிறவர் அந்தப் பில்லை வாகனப் புத்தகத்தோடு வைத்து வாங்குகிறவருக்குக் காட்டட்டும். ஒரு துண்டுக் கடதாசிதான், ஆனால் உங்கட வேலைக்கும் அதுதான் விளம்பரம், விற்கிறவரின் நாணயத்துக்கும் அதுதான் சாட்சி.

இதைவிட நல்ல முறை தெரிந்த குஷன் பாஸ்மார் இருந்தால் கீழே எழுதுங்க, எல்லாரும் படிப்போம். வாகனம் வாங்கப் போகிற உறவுக்காரர் யாராவது இருந்தால் அவருக்கும் அனுப்பிவிடுங்க.

அல்லாஹ் எங்கட வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.