சுவிட்ச் மாற்றுவது ராக்கெட் வேலையா?

"கரண்ட் வேலையா? தெரியாதவன் தொடக்கூடாது!" இந்த வசனம் இல்லாத வீடு கிடையாது. ஹாலில் சுவிட்ச் உடைந்து உள்ளே இருக்கும் தகடு எட்டிப் பார்க்கும். எலக்ட்ரீசியன் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி மூன்று வாரம் ஆகியிருக்கும். அதுவரை குழந்தை முதல் பாட்டி வரை அதே உடைந்த சுவிட்ச்சைத்தான் விரலால் அழுத்திக் கொண்டிருப்பார்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்!

சட்டமே இவ்வளவு பயப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. 1956ஆம் வருட இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, வீட்டு ஒயரிங் வேலைகளை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்றது. ஆனால் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவதற்கு விலக்கும் தந்தது. இணைப்பின் திறனும் தன்மையும் மாறக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. 2010இல் வந்த ஒழுங்குமுறைகளிலும் இதே விலக்கு தொடர்ந்தது. ஆக, 6 ஆம்பியர் சுவிட்ச் இருந்த இடத்தில் புதிய 6 ஆம்பியர் சுவிட்ச் போடலாம். அதே பாக்ஸிலிருந்து கீசருக்கு லைன் இழுப்பது வேறு கதை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் சுவிட்ச் சூடாகிக் கருகும்.

சரி, அப்படியானால் யார் வேண்டுமானாலும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கலாமா? முடியாது. ஆபத்து இருக்கிறது, ஆனால் ஊர் பயப்படும் இடத்தில் இல்லை. சுவிட்ச்சை அணைத்தால் அந்த சுவிட்ச்சில் கரண்ட் இல்லை என்று நினைப்பதுதான் முதல் ஆபத்து. பேஸ் ஒயர் ஒரு சுவிட்ச்சிலிருந்து அடுத்ததற்கு லூப் ஆகிப் போகும். எல்லாவற்றையும் அணைத்தாலும் ஒரு பக்கத்து முனையில் 230 வோல்ட் காத்துக் கொண்டிருக்கும். மெயினை அணைக்காமல் பலகையைக் கழற்றவே கூடாது.

அடுத்தது இன்வெர்ட்டர் (மின்வெட்டு காலத்துச் சீதனம்!). மெயினை அணைத்த அடுத்த நொடியே அது பேட்டரியிலிருந்து அதே ஒயர்களுக்கு உயிர் கொடுத்துவிடும். இன்வெர்ட்டரை மட்டும் அணைத்தாலும் போதாது, பைபாஸ் வழியாக மெயின் கரண்ட் வரலாம். இரண்டையும் அணைக்க வேண்டும். டெஸ்டரையும் அப்படியே நம்பக்கூடாது. கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்ட் இல்லாத ஒயரிலும் டெஸ்டர் எரியாது. அணைப்பதற்கு முன் கரண்ட் உள்ள பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றும் முன் எந்த ஒயர் எந்த முனையில் என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். மாடிப்படி டூ-வே சுவிட்ச் என்றால் போட்டோ கட்டாயம்.

"தெரிந்தவர்கள்" கையால் நடந்த வேலையின் லட்சணத்தையும் பார்க்கலாம். சுவிட்ச் பேஸ் லைனில்தான் இருக்க வேண்டும். சில வீடுகளில் நியூட்ரலில் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். விளக்கு அணையும், ஹோல்டரில் பேஸ் அப்படியே இருக்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுபவருக்கு அது தெரியாது. அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிந்தால், காரணம் பல நேரம் இதுதான். கூலியை வாங்கிக்கொண்டு அதைச் செய்துவிட்டுப் போனவரும் எலக்ட்ரீசியன்தான்.